ஆர்தர் காட்டன்: அஜைல் வருவதற்கு முன்பே அப்படி வேலை பார்த்த இன்ஜினீயர் எங்கே ஜெயித்தார், எங்கே சறுக்கினார்?

மேட்டூர் அணை திறந்த செய்தி வந்ததும் காரைக்கால் விவசாயிகள் கொண்டாடிவிட மாட்டார்கள். தண்ணீர் கடைமடைக்கு வந்து சேரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்பார்கள். அரசலாறு, நாட்டாறு, நூலாறு, திருமலைராஜனாறு எனக் காவிரி பல கிளைகளாகப் பிரிந்து கடலைத் தொடும் ஊர் இது. மேலே எத்தனை கன அடி திறந்தார்கள் என்பது இங்கே இரண்டாம்பட்சம். வயலுக்கு வந்ததா என்பதுதான் கேள்வி.

ஐ.டி. கம்பெனிகளில் தினமும் அடிபடும் அஜைல் முறையின் அடிப்படையும் கிட்டத்தட்ட இதுதான். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 சாஃப்ட்வேர் நிபுணர்கள் கூடி இதற்கான அறிக்கையை எழுதினார்கள். வேலையைச் சின்னச் சின்னதாக முடிக்க வேண்டும், பயன்படுத்துபவரிடம் காட்ட வேண்டும், தெரிந்துகொண்டதை வைத்துத் திட்டத்தை மாற்ற வேண்டும். சுருக்கமாக இவ்வளவுதான். ஆனால் பல டீம்களில் காலையில் ஸ்டாண்ட்-அப் நடக்குது, இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரிண்ட் முடியுது, வேலை மட்டும் நகர மாட்டேங்குது. ஏன்? காவிரி டெல்டாவின் நீரோட்டத்தையே மாற்றிய ஓர் இன்ஜினீயரின் வாழ்க்கை இதைப் புரிந்துகொள்ள உதவும்.

யார் இவர்?

ஆர்தர் காட்டன் 1803-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். 1821-ல் கிழக்கிந்திய கம்பெனியின் ராணுவப் பொறியாளராகச் சென்னை வந்தார். 1820-களின் இறுதியில் காவிரியை ஆய்வு செய்யும் பொறுப்பு அவரிடம் வந்தது.

அப்போது டெல்டா சிக்கலில் இருந்தது. திருச்சி அருகே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடம் தாழ்வானது, கடலுக்கு நேராகப் போவது. அதனால் தண்ணீர் அந்தப் பக்கமே அதிகம் பாய்ந்தது. காவிரியில் மணல் மேடு தட்டியது. தஞ்சை வயல்களுக்கு வர வேண்டிய நீர் வீணாகக் கடலுக்குப் போனது.

முதலில் என்ன செய்தார்?

ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருந்ததைப் பார்த்தார். ஆழம் தெரியாத ஆற்று மணலில் கல்லணை எப்படி நிற்கிறது? பெரிய கற்களைப் போட்டால் மணலில் புதையும். அதன் மேல் இன்னும் கற்கள் போட்டால், ஒரு கட்டத்தில் அடித்தளம் உறுதியாகிவிடும். பழந்தமிழர் கையாண்ட இந்த உத்தியிலிருந்து தான் கற்றுக்கொண்டதைக் காட்டன் பின்னாளில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

1836-ல் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே மேலணை கட்டப்பட்டது. கீழே அணைக்கரையில் கீழணை. காவிரிக்குத் தண்ணீர் திரும்பியது.

கதை இத்துடன் முடியவில்லை. இப்போது காவிரியில் தண்ணீர் அளவுக்கு மீறிப் பாய்ந்து படுகையை அரிக்க ஆரம்பித்தது. பழைய பிரச்சினைக்கு நேர் எதிரான பிரச்சினை! 1840-களில் மேலணையின் நடுப்பகுதி உயரம் குறைக்கப்பட்டது. காவிரியின் தலைப்பில், படுகை மேலும் ஆழமாகாமல் இருக்கக் குறுக்குச்சுவர் கட்டப்பட்டது. கட்டியது தப்பு என்று யாரும் அணையை இடிக்கவில்லை. பிளான் சரிதான், ஆறுதான் தப்பு என்றும் சாதிக்கவில்லை. ஆறு காட்டியதைப் பார்த்துத் திருத்தினார்கள்.

அடுத்து கோதாவரிக்குப் போனார். தவளேஸ்வரம் அணை 1847-ல் தொடங்கி 1852-ல் முடிந்தது. இன்றும் ஆந்திர டெல்டா மக்கள் அவருக்குச் சிலை வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஆனால் வெயிலில் கல் சுமந்த ஆயிரக்கணக்கான தொழிலாளர்களின் பெயர்கள் யாருக்கும் தெரியாது.

எங்கே சறுக்கினார்?

அடுத்தடுத்த வெற்றி அவரைப் பெரிய கனவுக்குக் கொண்டுபோனது: இந்திய நதிகளைக் கால்வாய்களால் இணைத்துப் படகுப் போக்குவரத்தும் பாசனமும் நடத்துவது. அதன் ஒரு பகுதியாகத் துங்கபத்ராவிலிருந்து கர்நூல், கடப்பா வழியே கால்வாய் வெட்டும் திட்டத்தை முன்னெடுத்தார். மெட்ராஸ் நீர்ப்பாசன கம்பெனி என்ற தனியார் நிறுவனம் இதில் இறங்கியது. 10 லட்சம் பவுண்ட் முதலீட்டுக்கு 5 சதவீத லாபம் தருவதாக அரசு உத்தரவாதம் கொடுத்தது.

செலவு எகிறியது. கால்வாய் வந்த பிறகும் விவசாயிகள் எதிர்பார்த்த அளவுக்குத் தண்ணீர் வாங்கவில்லை. அங்கே பெரும்பகுதி கரிசல் மண். ஈரம் தாங்கும், மழையை நம்பியே சோளமும் பருத்தியும் விளையும். காசு கொடுத்துத் தண்ணீர் பாய்ச்சும் அவசரம் அவர்களுக்கு இல்லை. கடைசியில் 1882-ல் கால்வாயை அரசே வாங்கிக்கொண்டது. 1861-லேயே சர் பட்டம் பெற்றிருந்த காட்டன், தன் கால்வாய்க் கனவு நிறைவேறாமலேயே 1899-ல் இங்கிலாந்தில் காலமானார்.

உங்கள் டீமுக்கு இதில் என்ன இருக்கு?

காவிரியில் தண்ணீருக்காகக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். தவறு நடந்தால் ஆறு உடனே காட்டியது, அதைத் திருத்தப் பணமும் அனுமதியும் கிடைத்தன. துங்கபத்ராவில் மொத்தத் திட்டமும் முதலிலேயே முடிவாகிவிட்டது. உத்தரவாத லாபம் இருந்ததால் செலவைக் கட்டுப்படுத்தும் அழுத்தம் குறைவு. தண்ணீர் வேணுமா என்று விவசாயியிடம் முன்பே கேட்கவில்லை.

ஆபீஸிலும் இதேதான். டெட்லைன், பட்ஜெட், அம்சங்கள் எல்லாம் மேலிடத்தில் முடிவான பிறகு, ஸ்பிரிண்ட் என்று பெயர் வைத்தால் மட்டும் அஜைல் ஆகிவிடாது. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் யாரோ ஒருவர் அதைப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும். அவர் சொல்வதைக் கேட்டு மாற்றும் அதிகாரம் டீமிடம் இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் மிஞ்சுவது மீட்டிங் மட்டும்தான்.

2007-ல் காவிரி நடுவர் மன்றம் காரைக்காலுக்காகப் புதுச்சேரிக்கு 7 டி.எம்.சி. ஒதுக்கியது. தீர்ப்பில் எண் தெளிவாக இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு ஆண்டும் கடைமடை விவசாயி வாய்க்கால் கரையில் நின்று பார்த்துத்தான் தண்ணீர் வந்ததை நம்புகிறார். அடுத்த முறை ஸ்பிரிண்ட் ரிப்போர்ட்டில் எல்லாமே முடிந்தது என்று பச்சையாகத் தெரிந்தால், உங்கள் கடைமடையில் நிற்பவர் யார் என்று பார்த்து அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.