மதுரகவிகள் கண்ட ஒளி

தாமிரபரணியின் தென்கரையில், ஆழ்வார்திருநகரிக்கு அண்மையிலுள்ள திருக்கோளூரில், சித்திரைத் திங்கள் சித்திரை நட்சத்திரத்தில் அவதரித்தவர் மதுரகவியாழ்வார். வேதம் ஓதி உணர்ந்த இவர் வடநாட்டுத் திவ்யதேச யாத்திரை சென்று அயோத்தியில் தங்கியிருந்தார். ஓரிரவு தென்திசை நோக்கித் தொழுகையில் பேரொளி ஒன்று தோன்றிற்று என்று குருபரம்பரை நூல்கள் கூறும். பின்னரும் அவ்வொளி தோன்றவே, அதனையே துணையாகக் கொண்டு தெற்கே நடந்தார். திருக்குருகூரை அடைந்தவுடன் ஒளி மறைந்தது. பிறந்த ஊரின் அருகே கொண்டுவந்து சேர்ப்பதற்கோ அவரை அத்தனை தொலைவு நடத்திற்று என்று வியக்கத் தோன்றும்!

அங்கே திருப்புளியமரத்தடியில், பதினாறு ஆண்டுகளாகக் கண் திறவாமலும் வாய் பேசாமலும் எழுந்தருளியிருந்தார் நம்மாழ்வார். மதுரகவிகள் ஒரு கல்லைக் கீழே போட, ஆழ்வார் கண் மலர்ந்தார். உயிரற்ற உடலில் நுண்ணிய ஆன்மா புகுந்தால் எதனை நுகர்ந்து எங்கே கிடக்கும் என்று இவர் வினவினார். அவ்வுடலின் இன்பதுன்பங்களையே நுகர்ந்து அங்கேயே கிடக்கும் என்னும் கருத்துப்பட விடை வந்தது. வயதில் மூத்தவராயினும் அக்கணமே திருவடியில் விழுந்து சீடரானார்.

பகவானைத் தமக்குக் கனவிலாவது காணக் கிடைக்கவில்லையே என்று உள்ளூரக் குமையும் அடியார்கள் எக்காலத்தும் உண்டு. அவர்கள் ஊன்றி நோக்கத்தக்கது இதன் பிறகு நிகழ்ந்ததாகும். ஒளியைக் கண்டவர் மீண்டும் அதனைத் தேடினாரல்லர். அவர் அருளிய கண்ணிநுண்சிறுத்தாம்பின் 11 பாசுரங்களில் அவ்வொளியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை!

கண்ணன் உரலோடு கட்டுண்ட எளிமையை நினைந்து நம்மாழ்வார் ஆறு திங்கள் மோகித்துக் கிடந்தார் என்பர். அத்தகைய மோகம் அவருக்கு மும்முறை நேர்ந்ததாகவும் பெரியோர் பணிப்பர். மதுரகவிகளும் தம் பிரபந்தத்தை அந்தக் கயிற்றைச் சொல்லியே தொடங்குகிறார். ஆயினும் அங்கே நில்லாமல், குருகூர் நம்பியின் திருநாமமே தம் நாவுக்கு அமுதம் என்று கடந்துவிடுகிறார். எம்பெருமானின் கரிய திருவுருவைக் காண்பேன் என்று மூன்றாம் பாசுரத்தில் சொல்லவும் செய்கிறார். அதுவும் நம்பிக்கு ஆளானதன் பேறாகவே.

ஆழ்வாரின் அனுபவம் தாழ்ந்தது என்பதன்று இதன் பொருள். அது எம்பெருமான் காரணமின்றிச் செய்த கிருபை, முயன்று பெறுவதன்று. அவ்வனுபவமே திருவாய்மொழி முதலிய நான்கு பிரபந்தங்களாகப் பெருகிற்று. அவற்றைக் கேட்டு, காத்து, உலகெங்கும் பரப்புவதே மதுரகவிகள் மேற்கொண்ட கைங்கரியம். காட்சியைக் காட்டிலும் கைங்கரியத்தையே அவர் பெரிதாகக் கொண்டார் என்பதில் ஐயமில்லை.

பிற்காலத்தில் பாசுரங்கள் வழக்கொழிந்தபோது, காட்டுமன்னார்கோயிலைச் சேர்ந்த நாதமுனிகள் திருக்குருகூருக்கு வந்து, மதுரகவிகளின் பிரபந்தத்தை 12,000 உரு ஓதினார். யோகத்தில் அவருக்கு ஆழ்வார் காட்சி தந்தார். அக்காட்சியும் அவரோடு முடியவில்லை. நாலாயிரமாக நமக்கெல்லாம் கிடைத்தது.

வைகாசி விசாக உற்சவத்தின் ஐந்தாம் திருநாளில் நவதிருப்பதி எம்பெருமான்கள் ஒன்பதின்மரும் கருடவாகனத்தில் ஆழ்வார்திருநகரியில் சேவை சாதிக்கின்றனர். அவர்களுள் திருக்கோளூர் வைத்தமாநிதிப் பெருமாளும் உண்டு. அவ்வூரில் அவதரித்த மதுரகவிகளோ, அன்னவாகனத்தில் எழுந்தருளும் தம் ஆசாரியரான நம்மாழ்வாரோடு, பரங்கி நாற்காலியில் எழுந்தருளுகிறார்.