அழகான காரும் கட்டாய உழைப்பும்

பதுளையில் எங்கள் லயன் வீட்டு அலுமாரியில் ஒரு சின்ன போர்ஷே 356 மாதிரிக் கார் இருக்கிறது. தூசி தட்டும்போதெல்லாம் அந்தப் பெயருக்குரியவரை நினைப்பேன்.

ஃபேர்டினான்ட் போர்ஷே 1875இல் பொஹீமியாவில் தகர வேலை செய்பவரின் மகனாகப் பிறந்தார். மெர்சிடிஸ் எஸ்எஸ்கே, வோக்ஸ்வாகன் 'வண்டு' இரண்டும் அவர் வடிவமைத்தவை. ஹிட்லரின் போருக்குத் தாங்கிகளும் வடிவமைத்தார். அவர் பொறுப்பிலிருந்த வோக்ஸ்வாகன் ஆலையில் ஆயிரக்கணக்கானோர் கட்டாய உழைப்பில் வதைபட்டனர். போருக்குப் பின் பிரான்ஸ் அவரை விசாரணையின்றி ஏறத்தாழ 20 மாதங்கள் சிறையில் வைத்தது. 1948இல் மகன் ஃபெரியின் முயற்சியில் 356 பிறந்தது. 1951 ஜனவரி 30இல் தந்தை இறந்தார்.

காரில் அவர் பெயர் மின்னுகிறது. வதைபட்டவர்களின் பெயர் இல்லை. தேயிலைப் பெட்டியில் தோட்டத்தின் பெயரை மட்டும் பார்த்து வளர்ந்த எனக்கு இது புதிதல்ல. காரை எறியமாட்டேன். கேட்கும் பிள்ளைகளுக்கு இரண்டு கதையையும் சொல்வேன்.