காற்றில் சுருதி கண்டவர்

கைபடாமல் ஒலிக்கும் இசைக்கருவியை உலகுக்கு வழங்கியவர் லெவ் தெரமின். மேலைநாட்டார் இவரை லியோன் தெரமின் என்றனர். 1896ஆம் ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் பிறந்த இவர், இயற்பியலையும் செல்லோ என்னும் நரம்பிசைக் கருவியையும் ஒருங்கே கற்றார்.

1920ஆம் ஆண்டளவில், அறிவியலறிஞர் யோஃபேயின் ஆய்வகத்தில் வாயுக்களின் மின்பண்புகளை அளக்கும் கருவியொன்றை உருவாக்கினார். அளவீட்டைச் செவியால் அறியச் சீழ்க்கை போன்றதோர் ஒலியை அதில் அமைத்தார். தம் கை நெருங்கினால் அவ்வொலி மாறுவதைக் கண்டார். அளவீட்டுக்கு இடையூறான அம்மாற்றம், செல்லோ பயின்ற அவருக்கு இசையாகப் புலப்பட்டது.

கையும் உலோகக் கம்பியும் ஒரு மின்தேக்கியாகின்றன. இடைவெளி குறையுந்தோறும் மின்தேக்குத்திறன் கூடுகிறது. எனினும், அம்மாற்றம் மிகச் சிறிது. அதனைச் செவிக்கு எட்டச் செய்ய, தெரமின் இரண்டு அலையியற்றிகளை அமைத்தார். சான்றாக, ஒன்று நொடிக்கு 2,00,000 முறை அதிர, மற்றொன்று கையின் நெருக்கத்தால் 1,99,560 ஆகக் குறைந்தால், வேறுபாடாகிய 440 அதிர்வுகள் விம்மலாய்ப் பிறந்து இசையொலியாகின்றன.

இந்நுண்மையே இடர்ப்பாடும் ஆயிற்று. வெப்பத்தால் ஓர் அலையியற்றி சிறிதே பிறழ்ந்தாலும் சுருதி கலையும். ஆகவே கருவி சூடேறி நிலைபெறும்வரை காத்திருந்து, இசைப்பவர் நின்ற நிலையிலேயே சுருதி கூட்ட வேண்டும். உடல் அசைந்தாலும் ஒலி பிறழும். அசையாமை அக்கலையின் முதற்பாடம்.

1922இல் லெனின் முன்னிலையில் இக்கருவியை இசைத்துக் காட்டிய தெரமின், 1927இல் ஐரோப்பாவில் அரங்கேற்றி அமெரிக்கா சென்றார். மறு ஆண்டு காப்புரிமை பெற்றார். 1929இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் ஏறத்தாழ 500 கருவிகளைச் செய்தது. பயில்வதற்கு அரிதாகையால் அவை பரவவில்லை. வயலின் பயின்ற கிளாரா ராக்மோரோ, விரல்நிலைகளை வகுத்துக்கொண்டு காற்றிலேயே சுரத்தானங்களைப் பிழையறத் தொட்டார். அவருக்கெனத் தெரமின் மூன்று ஆக்டேவ் கருவியை ஐந்தாக விரித்தார்.

1938இல் தாயகம் திரும்பியவருக்குச் சிறை காத்திருந்தது. மறு ஆண்டு கைதாகி, கோலிமா முகாமில் துன்புற்றார். பின்னர்ச் சிறை ஆய்வகத்தில் பணியாற்ற நேர்ந்தது. அவரை அறிந்த உலகம் அவர் இறந்தார் எனவே பல்லாண்டு நம்பியது.

ஆயினும் கருவி இறக்கவில்லை. அமெரிக்கச் சிறுவன் ராபர்ட் மூக் 1949இல், தன் 14ஆம் வயதில், அதனைத் தானே செய்தான்; வளர்ந்தபின் மின்னணு இசைக்கருவிகளின் முன்னோடியானான். தெரமின் 1991இல் மீண்டும் அமெரிக்கா கண்டு, 1993இல் தம் 97ஆம் வயதில் மாஸ்கோவில் மறைந்தார்.

இன்று மீயொலி, அகச்சிவப்பு உணரிகளால் இசைக்கருவி செய்யும் மாணவரும், அசையாத கையின் அளவு நடுங்குவதைக் காண்கின்றனர். பல அளவீடுகளின் சராசரி கொண்டு அந்நடுக்கத்தை அடக்குகின்றனர். தொலைவை அளப்பது எளிது. அவ்வளவை நிலைநிறுத்துவதே அரிது. கருவியின் செம்மையும் மனிதனின் பொறுமையும் கூடும்போதே காற்றிலும் சுருதி நிற்கும்.