மீன் சொல்லித் தந்த பாடம்!

குட்டீஸ்... சூடான பன் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது! மேலை நாடுகளில், பல வீடுகளில் விடுமுறை நாளன்று மாவில் ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்து, குட்டி குட்டி உருண்டைகளாக உருட்டி, பிரீசரில் வைத்து விடுவர். வேண்டும்போது நான்கைந்தை எடுத்து வெளியே வைத்தால் போதும். குளிரில் தூங்கிக் கிடந்த ஈஸ்ட் விழித்துக்கொள்ளும். மாவு புசுபுசுவென உப்பும். அவனில் வைத்துச் சுட்டால், சுடச்சுட பன் தயார்!

இன்று இது சாதாரண விஷயம். ஆனால், 100 ஆண்டுகளுக்கு முன், உறைய வைத்த உணவு என்றாலே எல்லாரும் முகம் சுளிப்பர். அந்த எண்ணத்தை மாற்றியவர், கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ. இவரைப் பற்றித் தெரிந்துகொள்வோமா?

அமெரிக்காவின் நியூயார்க் நகரிலுள்ள புரூக்ளினில், டிசம்பர் 9, 1886ல் பிறந்தார். சின்ன வயதிலிருந்தே பூச்சி, பறவை, விலங்குகள் மீது கொள்ளை ஆசை. கல்லூரியில் படிக்கும்போது பணத் தட்டுப்பாடு. தவளைகளைப் பிடித்து, மிருகக்காட்சி சாலைப் பாம்புகளுக்கு இரையாக விற்றார்! அப்படியும் சமாளிக்க முடியவில்லை. படிப்பு பாதியில் நின்றது.

நரித்தோல் வியாபாரம் செய்வதற்காக, 1912ல் லாப்ரடார் சென்றார். இன்றைய கனடாவில் உள்ள, பனி சூழ்ந்த பகுதி அது. அங்கு வாழும் இன்யூட் மக்கள், பனிக்கட்டியில் துளையிட்டு மீன் பிடிப்பதைப் பார்த்தார். மைனஸ் 40 டிகிரி குளிர்! வெளியே எடுத்த மீன், கண்ணெதிரே கட்டையாக உறைந்தது. பல வாரங்களுக்குப் பின் சமைத்தாலும், அன்று பிடித்த மீனைப் போலவே ருசித்தது.

கடுங்குளிரில் உறைந்த மீன், குளிர் குறைந்த நாளில் உறைந்த மீனை விட ருசியாக இருந்ததையும் கவனித்தார். காரணம் என்ன தெரியுமா? மெதுவாக உறையும்போது, உணவிலுள்ள நீர், பெரிய பெரிய பனித்துகள்களாக மாறி, உள்ளிருக்கும் செல்களைக் கிழித்து விடும். உருகும்போது சாறு வடிந்து, உணவு கொழகொழவென ஆகிவிடும். சட்டென உறைந்தாலோ துகள்கள் மிகச் சிறியவை, சேதமும் குறைவு.

மனைவியையும், கைக்குழந்தையையும் 1916ல் அங்கே அழைத்து வந்தார். அந்தப் பனியில் காய்கறிக்கு எங்கே போவது? பீப்பாயில் முட்டைக்கோஸைப் போட்டு, உப்பு நீர் ஊற்றி உறைய வைத்தார். வேண்டியபோது வெட்டி எடுத்துச் சமைத்தனர்.

ஊர் திரும்பியதும், ஒரு மின்விசிறி, சில வாளி உப்பு நீர், ஐஸ் கட்டிகள் ஆகியவற்றை வைத்து ஆராய்ச்சியைத் துவங்கினார். மொத்தச் செலவு, 7 டாலர்தான்! நியூயார்க்கில் 1923ல் மீன் நிறுவனம் ஆரம்பித்தார். மக்கள் வாங்கவில்லை, அடுத்த ஆண்டே திவாலானது.

வேறு யாராக இருந்தாலும் ஒதுங்கியிருப்பர். இவரோ, மீன்பிடி ஊரான குளோஸ்டருக்குப் போய், மீண்டும் முயன்றார். உணவைத் தட்டையான பெட்டிகளில் அடைத்து, கடுங்குளிரூட்டப்பட்ட இரு உலோகப் பரப்புகளுக்கு நடுவே அழுத்தும் இயந்திரத்தை உருவாக்கினார். மேலும் கீழும் ஒரே நேரத்தில் குளிர் தாக்கியதால், உணவு விரைவில் உறைந்தது.

இந்த நிறுவனமும், காப்புரிமைகளும், 1929ல் இரண்டு கோடியே 20 லட்சம் டாலருக்கு விலை போயின. மார்ச் 1930ல், ஸ்பிரிங்பீல்டு நகரக் கடைகளில், உறைந்த பட்டாணி, கீரை, மீன், இறைச்சி விற்பனைக்கு வந்தன. அவரது பெயரையே இரண்டாகப் பிரித்து, பறவையின் கண் எனப் பொருள்படும்படி பெட்டிகளில் அச்சிட்டனர்!

இத்தனை புகழ் வந்தும், எல்லாம் தன் கண்டுபிடிப்பு என அவர் மார்தட்டவில்லை. இன்யூட் மக்கள் காலங்காலமாகச் செய்து வந்ததையே தானும் செய்ததாக ஒப்புக்கொண்டார். அக்டோபர் 7, 1956ல் மறைந்தார்.

லாப்ரடார் சென்ற பலரும் அந்த மீனைச் சாப்பிட்டிருப்பர். அது ஏன் ருசிக்கிறது என யோசித்தவர், இவர்தான். குட்டீஸ்... அடுத்த முறை பிரீசரைத் திறக்கும்போது, இவரையும், அவருக்குப் பாடம் சொன்ன இன்யூட் மக்களையும் நினைத்துக் கொள்ளுங்கள். நீங்களும் எதைப் பார்த்தாலும், ஏன், எப்படி என்று கேட்கப் பழகுங்கள்!