அனிமேவுக்கு ஆஸ்ட்ரோ பாய்... தமிழுக்கு ‘ஜீனோ’! ரோபோ நாயை உருவாக்கிய சுஜாதா யார்?

அனிமே பார்க்கிறவங்களுக்கு இந்தக் கேள்வி புதுசு இல்ல. மனுஷன் செஞ்ச இயந்திரம் ஒன்று தானாக யோசிக்க ஆரம்பித்தால், அதை ‘அது’ என்பதா, ‘அவன்’ என்பதா? ஜப்பானில் ஒசாமு தெசுகா 1952-லேயே ‘ஆஸ்ட்ரோ பாய்’ சித்திரக்கதையில் இதைத் தொட்டார். 1995-ல் வந்த ‘கோஸ்ட் இன் தி ஷெல்’ படம் முழுக்க இதே குழப்பம்தான்.

இந்த இரண்டுக்கும் நடுவில், 1980-களில், ஒரு தமிழ் வார இதழின் தொடர்கதையிலும் இதே கேள்வி வந்தது. கேட்க வைத்தது ஒரு குட்டி ரோபோ நாய். பேரு ஜீனோ. அதை எழுதியவர் சுஜாதா.

யார் இந்த சுஜாதா?

இயற்பெயர் எஸ்.ரங்கராஜன். 1935 மே 3-ல் சென்னை திருவல்லிக்கேணியில் பிறந்தார். வளர்ந்தது ஸ்ரீரங்கத்தில், பாட்டி வீட்டில். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இயற்பியல், பிறகு குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் எலக்ட்ரானிக்ஸ். அப்துல் கலாமும் இதே இரண்டு இடத்திலும் படித்தவர்தான். அவர் விமானம், இவர் மின்னணுவியல்.

படிப்பு முடிந்ததும் மத்திய அரசின் விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை. எழுத்தும் கூடவே ஓடியது. அப்போது குமுதத்தில் ஏற்கெனவே ரா.கி.ரங்கராஜன் என்று ஒரு பெரிய எழுத்தாளர் இருந்தார். ஒரே பெயரில் இரண்டு பேர் எழுதினால் குழப்பம் ஆகும் என்று, தன் மனைவியின் பெயரான சுஜாதாவை எடுத்துக்கொண்டார். எழுதுவது ஒரு பெண் என்று நம்பி லெட்டர் போட்ட வாசகர்கள் பலர். 1968-ல் வந்த ‘நைலான் கயிறு’க்குப் பிறகு கணேஷ், வசந்த் என்ற இரண்டு வக்கீல்கள் தமிழ்நாட்டுக்கே தெரிந்த ஆட்கள் ஆகிவிட்டார்கள்.

எந்த ‘பெல்’?

ராணிப்பேட்டை பக்கம் ‘பெல்’லுன்னு சொன்னா எல்லாருக்கும் பாய்லர் துணைக் கருவிகள் தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலைதான் ஞாபகத்துக்கு வரும். பஸ் ஸ்டாப் பேரே அதுதான். சுஜாதா வேலை பார்த்த ‘பெல்’ வேற. அது பாரத் ஹெவி எலக்ட்ரிக்கல்ஸ். இது பெங்களூருவில் உள்ள பாரத் எலக்ட்ரானிக்ஸ். ராணுவத்துக்கு ரேடார், தகவல் தொடர்புக் கருவிகள் செய்யும் இடம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரி இருப்பதால் பலரும் இன்னும் குழப்பிக்கொள்கிறார்கள்.

பெங்களூரு பெல்லில் அவர் ஆராய்ச்சிப் பிரிவில் பொறுப்பில் இருந்தபோதுதான் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் வடிவமைப்பும் தயாரிப்பும் நடந்தது. வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கண்டுபிடித்ததே சுஜாதாதான் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதைப் பார்த்திருப்பீங்க. அது கொஞ்சம் மிகை. ஹைதராபாத்தில் உள்ள இ.சி.ஐ.எல். நிறுவனமும் இதே வேலையைச் செய்தது. பெல்லிலும் அது ஒரு குழுவின் உழைப்பு. அந்தக் குழுவை மேற்பார்வையிட்டவர் சுஜாதா. அதற்காக வாஸ்விக் விருதும் கிடைத்தது. இதுவே பெரிய விஷயம்தான், மிகைப்படுத்தத் தேவையே இல்லை.

அந்த இயந்திரம் மக்களிடம் வந்து சேர்ந்த கதையும் லேசானதல்ல. 1982-ல் கேரளாவின் பரவூர் தொகுதியில் 50 வாக்குச்சாவடிகளில் முதல் முறையாக வைத்தார்கள். வழக்கு போனது. சட்டத்தில் இடமில்லை என்று 1984-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு சட்டத்தைத் திருத்தி, மெதுவாகக் கொண்டுவந்து, 2001 சட்டமன்றத் தேர்தலில் தமிழ்நாடு முழுக்க பட்டன்தான். ராணிப்பேட்டை, ஆம்பூர், வேலூர் மக்கள் முத்திரை குத்துவதை விட்டது அந்தத் தேர்தலில்தான்.

ஜீனோ பிறந்த கதை

பகலில் ஓட்டு எண்ணும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்ட அதே மனுஷன், அதே 1980-களில், ஓட்டுக்கு வேலையே இல்லாத ஒரு இந்தியாவைக் கற்பனை செய்தார். அதுதான் ஆனந்த விகடனில் தொடராக வந்த ‘என் இனிய இயந்திரா’.

கதை நடப்பது 2020-களின் தொடக்கத்தில். எல்லாருக்கும் இரண்டே எழுத்தில் பெயர். குழந்தை பெற்றுக்கொள்ள அரசாங்கம் அனுமதி தர வேண்டும். எவ்வளவு காலம் வாழலாம் என்பதும் அரசாங்கத்தின் கையில். எல்லாவற்றுக்கும் மேலே ஜீவா என்ற தலைவர். நிலா என்ற சாதாரணப் பெண்ணின் கணவன் சிபி காணாமல் போகிறான். அவள் வீட்டுக்குத் தங்க வருகிற ரவியுடன் ஒரு ரோபோ நாய் வருகிறது.

ஜீனோ புத்தகம் படிக்கும். கிண்டல் அடிக்கும். போகப் போக நிலாவுக்கு நெருங்கிய துணையே அதுதான். அதைச் சுற்றி இருக்கும் மனுஷங்களோ அரசு சொன்னதை அப்படியே கேட்டு நடக்கிறார்கள், பாதிப் பேர் எதையாவது மறைக்கிறார்கள்.

(படிக்கப் போறீங்கன்னா அடுத்த பத்தியைத் தாண்டிடுங்க.)

அந்த ஜீவா என்ற தலைவர் கடைசியில் ஒரு ஆளே இல்லை. வெறும் ஹாலோகிராம் உருவம். நாடே வணங்கிய தலைவர் பொய்; நாய் பொம்மை என்று நினைத்தது மட்டும் உண்மையான தோழன். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த திருப்பம்: ஜீவாவை ஒழித்தவர்கள் நிலாவை ராணியாக உட்கார வைத்து, பின்னால் இருந்து தாங்களே ஆளப் பார்க்கிறார்கள். இயந்திரம் ஆளுமா என்பதை விட, இயந்திரத்துக்குப் பின்னால் யார் கை இருக்கிறது என்பதுதான் சுஜாதாவின் பயம். டீப்ஃபேக் வீடியோ தினமும் வாட்ஸ்அப்பில் வரும் காலத்தில் அந்த ஹாலோகிராம் பெரிய கற்பனையாகவே தெரியவில்லை.

சோனி நிறுவனம் ‘ஐபோ’ ரோபோ நாயை விற்க ஆரம்பித்தது 1999-ல். ஜீனோ அதற்கு ஒரு பத்து வருஷத்துக்கும் முன்னால் வந்துவிட்டது. கதையைத் தூர்தர்ஷன் தொடராகவும் எடுத்தார்கள். அடுத்த பாகம் ‘மீண்டும் ஜீனோ’.

அறிவியலை வீட்டுக்குக் கொண்டுவந்தவர்

கதையோடு அவர் நிற்கவில்லை. ஜூனியர் விகடனில் வாசகர்களின் அறிவியல் சந்தேகங்களுக்குப் பதில் சொன்ன ‘ஏன்? எதற்கு? எப்படி?’, மூளையைப் பற்றிய ‘தலைமைச் செயலகம்’, சிப் பற்றி ‘சிலிக்கன் சில்லுப் புரட்சி’ என்று எழுதித் தள்ளினார். கம்ப்யூட்டரையே நேரில் பார்க்காத ஊர்களில் லைப்ரரி மூலமாகப் படித்தவர்கள் இதையெல்லாம் படித்தார்கள். அறிவியலைப் பரப்பியதற்காக 1993-ல் மத்திய அரசின் தேசிய அறிவியல் தொழில்நுட்பத் தொடர்புக் குழுவின் விருது கிடைத்தது.

சினிமா தனிக் கதை. ‘ப்ரியா’, ‘விக்ரம்’, ‘ரோஜா’, ‘இந்தியன்’, ‘முதல்வன்’, ‘சிவாஜி’ என்று பட்டியல் நீளம்.

சிட்டியைப் பார்க்காமலே...

ரோபோ படம் எடுக்கும் ஷங்கரின் திட்டம் முதலில் கமல்ஹாசனை வைத்துத் தொடங்கி, நின்றுபோனது. பிறகு ரஜினிகாந்துடன் ‘எந்திரன்’ ஆனது. இரண்டு கட்டத்திலும் சுஜாதா இருந்தார். ஆனால் 2008 பிப்ரவரி 27 அன்று சென்னையில் அவர் இறந்துவிட்டார். வயது 72. வசன வேலையில் மதன் கார்க்கியும் சேர்ந்தார். 2010 அக்டோபர் 1-ல் படம் வந்தபோது வசனம் என்ற இடத்தில் சுஜாதாவின் பெயரும் இருந்தது. காதல் வந்து கெட்டுப்போகும் சிட்டி, முடிவில் தன்னைத் தானே கழற்றிக்கொள்ளும் காட்சியைப் பார்த்த பழைய வாசகர்களுக்கு ஜீனோ ஞாபகம் வராமல் இருந்திருக்காது.

எங்கே தொடங்கலாம்?

அனிமே பிடிக்கும் என்றால் ‘என் இனிய இயந்திரா’வை முதலில் எடுங்க. ‘மீண்டும் ஜீனோ’வை அதற்குப் பிறகுதான் படிக்கணும், மாற்றிப் படித்தால் நிலா எப்படி ராணி ஆனாள் என்றே புரியாது. அதுவும் பிடித்திருந்தால், அதற்கும் முன்பே கம்ப்யூட்டரின் கட்டுப்பாட்டில் வாழும் ஒரு தீவைப் பற்றி அவர் எழுதிய ‘சொர்க்கத் தீவு’ இருக்கு.