சொல்லுலகம் தந்த புளோரியோ

பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலம் ஒரு தீவின் மொழியாகவே இருந்தது. கலைக்கும் கல்விக்கும் வாணிகத்திற்கும் உரியதென ஐரோப்பாவில் பெரும்புகழ் பெற்று விளங்கியது இத்தாலிய மொழி. ஆங்கிலப் பெருமக்கள் அதனைக் கற்கப் பேரார்வம் காட்டினர். அவர்கட்கு ஆசிரியராக வாய்த்தவர் ஜான் புளோரியோ.

அவர் 1553ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் மைக்கேலாஞ்சலோ புளோரியோ இத்தாலியர். துறவியாக இருந்து, பின்னர்ச் சீர்திருத்தச் சமயத்தைத் தழுவியவர். அதன் பொருட்டு உரோமையில் சிறைப்பட்டுத் தப்பி, இங்கிலாந்தில் அடைக்கலம் புகுந்திருந்தார். 1553இல் கத்தோலிக்க சமயப் பற்று மிக்க மேரி அரசியார் அரியணை ஏறவே, மறு ஆண்டு அக்குடும்பம் மீண்டும் நாடு கடக்க நேர்ந்தது. கைக்குழந்தையாகச் சென்ற ஜான், இன்றைய சுவிட்சர்லாந்தின் மலைச்சாரலில் உள்ள சோல்யோ என்னும் சிற்றூரில் வளர்ந்தார். தந்தையார் வழி வந்தது இத்தாலியம். பிறந்த மண்ணின் மொழி ஆங்கிலம். இவ்விரண்டையும் தவிர அவருக்கு வேறு சொத்து இல்லை.

இளைஞராக இலண்டனுக்குத் திரும்பிய அவர், மொழி கற்பித்து வாழ்க்கை நடத்தினார். 1578இல் 'முதற் கனிகள்' என்னும் நூலை வெளியிட்டார். அதில் இத்தாலிய உரையாடல்களும் அவற்றிற்கு நேரான ஆங்கிலமும் அருகருகே அமைந்திருந்தன. டோவர் துறைமுகத்தைத் தாண்டினால் ஆங்கிலம் பயன்படாது என்னும் கருத்து அந்நூலின் உரையாடல் ஒன்றில் வருகிறது. அங்ஙனம் எழுதியவரே பின்னாளில் அம்மொழியின் சொல்வளத்தைத் திரட்டிக் குவித்தார் என்பது வியப்பிற்குரியது.

அவ்வாறு திரட்டிய நூல் 'சொல்லுலகம்' என்னும் இத்தாலிய–ஆங்கில அகராதி. அது 1598இல் அச்சேறியது. அதற்கு முன்னும் 1550இல் வில்லியம் தாமஸ் என்பார் ஓர் அகராதி தந்ததுண்டு. எனினும் அது சிறிது. புளோரியோ 72 நூல்களை ஆராய்ந்து, ஏறத்தாழ 46,000 சொற்களைத் தொகுத்தார். புலவர் எழுதிய காவியங்களோடு அவர் அமைந்துவிடவில்லை. மூலிகை, விலங்கு, குதிரை, சமையல் பற்றிய நூல்களிலும் புகுந்து, குதிரைக்காரரும் சமையற்காரரும் வழங்கும் சொற்களையும் வாரிக்கொண்டார்.

ஒரு மொழியின் சொல்லுக்கு மற்றொரு மொழியில் நேர்ச்சொல் எப்போதும் கிடைப்பதில்லை. 'பர்பால்லா' என்னும் இத்தாலியச் சொல்லுக்கு வண்ணத்துப்பூச்சி என்று பொருள் தந்த அவர், விளக்கைச் சுற்றிப் பறந்து தன்னையே எரித்துக்கொள்ளும் பூச்சி என்றும் விரித்துரைத்தார். தமிழில் விட்டில் என்ற ஒரு சொல்லே அதற்குப் போதும். ஆங்கிலத்தில் அவருக்கு ஒரு தொடர் முழுவதும் வேண்டியிருந்தது. வேறு பல இடங்களில் ஓர் இத்தாலியச் சொல்லுக்கு எதிரே நாலைந்து ஆங்கிலச் சொற்களை வரிசையாக அடுக்கினார். ஆங்கிலத்திற்கே உரிய முதல் தனியகராதி 1604இல்தான் தோன்றியது. அதில் இருந்தவை ஏறத்தாழ 2,500 சொற்களே. எனவே, ஆங்கிலத்தின் செல்வம் அதற்கு முன்னரே பிறமொழி அகராதி ஒன்றின் வலப்புறத்தில் குவிந்து கிடந்தது எனலாம்.

1603இல் பிரெஞ்சு அறிஞர் மொந்தேனின் கட்டுரைகளை அவர் ஆங்கிலத்தில் பெயர்த்தார். தாம் கையாண்ட 'எமோஷன்', 'எபர்ட்', 'ரிகிரெட்' முதலிய சொற்கள் புதியனவாய்த் தோன்றுமே என்று முன்னுரையில் தயங்கினார். இன்று அவை ஆங்கிலச் சிறுவர்க்கும் தெரிந்த சொற்கள். ஷேக்ஸ்பியர் தம் 'புயல்' நாடகத்தில் இம்மொழிபெயர்ப்பைப் பயன்படுத்திக்கொண்டார்.

ஜேம்ஸ் மன்னர் காலத்தில் புளோரியோவுக்கு நல்வாழ்வு வாய்த்தது. 1604 முதல் அவர் அரசியார் ஆனின் அணுக்கப் பணியாளராகவும் ஆசிரியராகவும் விளங்கினார். அகராதியை ஏறத்தாழ 74,000 சொற்கள் கொண்டதாக விரித்து, 1611இல் அரசியார் பெயராலேயே வெளியிட்டார். 1619இல் அரசியார் மறைந்தார். அவருக்கு உரியதாக இருந்த ஆண்டுக்கு 100 பவுன் உதவித்தொகை அதன்பின் கைக்கு வரவில்லை. முதுமையில் வறுமை சூழ்ந்தது.

எனினும் அவர் எழுதுகோலைக் கீழே வைத்தாரல்லர். அகராதியின் மூன்றாம் பதிப்புக்குச் சொற்களைச் சேர்த்துக்கொண்டேயிருந்தார். 1625இல் எழுதிய இறுதி விருப்ப ஆவணத்தில், தம் மகள் அரேலியாவுக்குத் திருமண மோதிரம் ஒன்றையே விட்டுச்செல்ல இயன்றது. ஏறத்தாழ 340 நூல்களையும் அகராதியின் கையெழுத்துப்படியையும் பெம்புரோக் பிரபுவுக்கு அளித்தார். தம் மனைவிக்கு அவர் துணைநிற்பார் என்பது அம்முதியவரின் நம்பிக்கை. அவ்வாண்டே இலண்டனை அடுத்த புல்லம் என்னும் ஊரில் காலமானார். பிரபு அந்நூல்களைப் பெற்றுக்கொள்ளவே இல்லை.

கையெழுத்துப்படி எப்படியோ தொரியானோ என்னும் இத்தாலிய ஆசிரியரிடம் சேர்ந்தது. அவர் 1659இல் அதனை அச்சிட்டார். ஆங்கிலச் சொல்லை முன்வைத்து இத்தாலியப் பொருள் கூறும் பகுதி ஒன்றையும் தாமே எழுதி அதனுடன் இணைத்தார்.