எம்மி விருதில் ஒலிக்கும் ஃபார்ன்ஸ்வொர்த் பெயர்: யார் இவர்?

அமெரிக்க டிவி துறையின் எம்மி விருதுகளில், பொறியியல் பிரிவில் ஒரு விருது ஃபைலோ ஃபார்ன்ஸ்வொர்த் பெயரில் தரப்படுகிறது. 1906-ல் யூட்டா மாநிலத்தில் பிறந்த விவசாயி மகன் இவர். உழுத வயலின் வரிசைகளைப் பார்த்து, படத்தையும் இப்படி வரி வரியாகப் பிரித்து அனுப்பலாமே என்று 14 வயதில் யோசித்தாராம். 1927-ல் சான் பிரான்சிஸ்கோவில் மின்னணு முறையில் அதைச் செய்தும் காட்டினார். திரையில் தெரிந்தது வெறும் ஒரு கோடுதான்!

பிறகு ஆர்.சி.ஏ. நிறுவனத்தோடு காப்புரிமைச் சண்டை. ஜெயித்தார், 1939-ல் உரிமத் தொகை தர அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆனா என்ன பிரயோஜனம்? போர் வந்து டிவி தயாரிப்பே நின்றுபோனது. வீடுகளில் டிவி பெருகுவதற்குள் முக்கியக் காப்புரிமைகள் காலாவதி.

விருந்தினரின் ரகசியத்தைக் கண்டுபிடிக்கும் டிவி போட்டி ஒன்றுக்கு 1957-ல் வந்தார். மின்னணு டிவியை உருவாக்கியவரே எதிரில் உட்கார்ந்திருக்கார்னு கேள்வி கேட்ட பிரபலங்கள் யாருக்கும் பிடிபடவில்லை. பரிசு 80 டாலர், கூடவே சிகரெட். 1971-ல் இறந்தார். அவர் பெயரில் எம்மி விருது வந்தது 2003-ல்.